8 ஆண்டு விதி இல்லாத காகிதங்கள்

நான் கோவில்பட்டிக்காரன். வங்கி வேலையில் மாற்றலாகித் திருப்பதி பக்கம் ஏர்பேட்டுக்கு வந்து இரண்டு வருடமாகிறது. போன வாரம் கிளையில் பழைய பதிவேடுகளைக் கழித்தோம். விதிப்படி சிலவற்றுக்கு 5 ஆண்டு, சிலவற்றுக்கு 8 ஆண்டு ஆயுள். பட்டியலில் கையெழுத்துப் போடும்போது எங்கள் ஊர்ப்பக்கத்து இடைசெவல் ஞாபகம் வந்தது.

கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் இடைசெவல்காரர்கள், இளவயது நண்பர்கள். ஆந்திராவிலிருந்து தெற்கே வந்து கரிசலில் குடியேறிய தெலுங்குக் குடும்பங்களின் கதைதான் கி.ரா.வின் 'கோபல்ல கிராமம்' (1976). நான் பிழைப்புக்காக எதிர்த்திசையில் வந்தவன்!

அழகிரிசாமியும் பிழைப்புக்காகச் சென்னை போனார், பிறகு மலேயா போனார். வெளியூரிலிருந்து நண்பருக்குக் கடிதம் எழுதினார். குடும்பக் கஷ்டம், படித்த புத்தகம், சங்கீதம்... எல்லாம் அதில் உண்டு. ஊரிலிருந்த கி.ரா. அவற்றைப் பத்திரமாக வைத்திருந்தார். 1970இல் அழகிரிசாமி 46 வயதில் காலமானார். பின்னாளில் அந்தக் கடிதங்கள் புத்தகமாகவே வந்தன. நண்பர் குப்பையென்று நினைத்திருந்தால் நமக்கு என்ன மிஞ்சியிருக்கும்?

2021இல் கி.ரா.வும் மறைந்தார். 2022இல் கோவில்பட்டியில் அரசு அவருக்கு நினைவரங்கம் திறந்தது. ஆனால் கடிதங்களைக் காத்தது அரசல்ல, ஒரு சம்சாரி வீடு.

நானோ, ஒரு மாற்றலின்போது சுமை என்று அப்பாவின் இன்லாண்டு கடிதங்களைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டவன். அப்பா இப்போது இல்லை. அவர் கையெழுத்தென்று என்னிடம் மிச்சமிருப்பது ஒரு பழைய டெபாசிட் ரசீதின் பின்பக்கம் மட்டுமே.

உங்கள் வீட்டுப் பரணில் கடிதக்கட்டு இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை இறக்கிப் பாருங்கள். தேதிவாரியாக அடுக்கி வையுங்கள். அதற்கு 8 ஆண்டு விதி கிடையாது.