விடுபட்ட இருபத்தோராம் அத்தியாயம்

ஆந்தனி பர்ஜெஸ்ஸின் ‘எ கிளாக்வொர்க் ஆரஞ்சு’ 1962 மே மாதம் லண்டனில் ஹைனமன் வெளியீடாக வந்தது. தெருச்சண்டையிலும் வன்புணர்விலும் ஊறிய அலெக்ஸ் என்ற பையனை, மருந்து ஏற்றிப் படம் காட்டி அரசாங்கமே ‘நல்லவனாக்கும்’ துர்க்கனவுக் கதை அது. எழுதியவருக்கு நம் வட்டாரம் நன்றாகத் தெரியும். 1954இல் மலாயாவுக்கு வந்தவர், கோலாகங்சார் மலாய்க் கல்லூரியிலும் பிறகு கோத்தா பாருவிலும் ஆசிரியராக இருந்தார். மலாயாவைக் களமாக வைத்து மூன்று நாவல்கள் எழுதினார். மூன்றாவதான ‘பெட்ஸ் இன் தி ஈஸ்ட்’ (1959) நாவலில் வைத்திலிங்கம், ஆறுமுகம், சுந்தரலிங்கம் என்று தமிழர் மூவர் வருகிறார்கள். அவர்களைப் படைத்ததில் கேலி சற்றுத் தூக்கல்தான்.

‘கிளாக்வொர்க்’ நாவலில் மூன்று பாகங்கள், பாகத்துக்கு ஏழு அத்தியாயங்கள், ஆக 21. பிரிட்டனில் அன்று வாக்குரிமை பெறும் வயதும் அதுவே. பையன் ஆளாவதைக் குறித்து எழுத்தாளர் போட்ட கணக்கு. அமெரிக்காவில் நார்ட்டன் நிறுவனம் 20 அத்தியாயங்களோடு புத்தகத்தை முடித்துவிட்டது. அங்கே அலெக்ஸ் பழைய வெறியோடு எழுந்து நிற்கிறான், அவ்வளவுதான். வெட்டப்பட்ட அத்தியாயத்தில் அவனுக்கு 18 வயது. மதுக்கடையில் காசு எடுக்கும்போது, பத்திரிகையிலிருந்து கத்தரித்து வைத்திருந்த ஒரு குழந்தைப் படம் பையிலிருந்து விழுகிறது. கூட்டாளிகள் சிரிக்கிறார்கள். அதன்பின் கல்யாணமாகிவிட்ட பழைய நண்பனைப் பார்க்கிறான். தனக்கும் மனைவி, மகன் என்று நினைப்பு ஓடுகிறது.

பதிப்பகம் வற்புறுத்தியது, பணமுடையால் இணங்கினேன் என்றார் பர்ஜெஸ். நார்ட்டனின் பதிப்பாசிரியர் எரிக் ஸ்வென்சனோ, எழுத்தாளர் ஒப்புக்கொண்டுதான் செய்தோம் என்றார். முழு நூலை அமெரிக்கர் படிக்க 1980களின் பிற்பாதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1971இல் ஸ்டான்லி குப்ரிக் எடுத்த படமும் அந்த 20 அத்தியாய முடிவையே தழுவியது. சிங்கப்பூரில் அந்தப் படம் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தடையில் இருந்தது. 2006இல் எம்18 தரம் கேட்டுச் செய்த முயற்சியும் தோற்றது. கடைசியில் 2011 அக்டோபர் 28 அன்று, ஒரு திரைப்பட விழாவில், ஆர்21 தரத்தில் வெட்டில்லாமல் திரையிடப்பட்டது.

அடுத்த ஆண்டே, நாவலின் பொன்விழாவையொட்டி, மீட்டெடுத்த செம்பதிப்பு வெளிவந்தது. பதிப்பாசிரியர் ஆண்ட்ரூ பிஸ்வெல். பர்ஜெஸ்ஸின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர். முன்னுரை மார்ட்டின் ஏமிஸ். 21 அத்தியாயங்களோடு குறிப்புகள், பர்ஜெஸ்ஸின் கட்டுரைகள், அவர் படம் கிறுக்கிவைத்த தட்டச்சுப் பிரதியின் சில பக்கங்கள் ஆகியவையும் இதில் உண்டு.

1961ஆம் ஆண்டின் அந்தத் தட்டச்சுப் பிரதி இன்று கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அதில் 20ஆம் அத்தியாயத்தின் முடிவில், இங்கேயே நிறுத்திவிடலாமா என்று பர்ஜெஸ் தம் கையாலேயே கேட்டு, அடுத்து வருவதை வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளும் பின்னுரை என்று குறித்திருக்கிறார். நியூயார்க் பதிப்பகத்தின் மேல் பாதிப் பழியைத்தான் போடலாம்; தயக்கம் எழுத்தாளரின் மேசையிலேயே தொடங்கியது. முழுமையான பாடத்தை அச்சிட்டு, அதன்மேல் எழும் ஐயத்தையும் மறைக்காமல் வைத்ததுதான் பிஸ்வெல்லின் நல்ல வேலை. ஒன்றில் மட்டும் எழுத்தாளரின் விருப்பம் தள்ளப்பட்டது. ருஷ்யச் சொற்களைக் கலந்து செய்த ‘நாட்சாட்’ பேச்சை வாசகர் படிக்கப் படிக்கத் தாமே பிடித்துக்கொள்ள வேண்டும், அகராதி கூடாது என்பது பர்ஜெஸ்ஸின் எண்ணம். நார்ட்டன் அன்றே ஒன்றைச் சேர்த்தது. செம்பதிப்பிலும் ஒன்று இருக்கிறது.