கொளுத்தப்படாத பருத்தி

2001-ஆம் ஆண்டு குஜராத்தில் பச்சைக் காய்ப்புழு பருத்தியைத் தின்று தீர்த்தது. அந்த அழிவின் நடுவே சில வயல்கள் மட்டும் காய் தாங்கி நின்றன. அவற்றில் விதைக்கப்பட்டிருந்தது நவபாரத் 151 என்னும் ஒட்டுரகம். சோதித்துப் பார்த்தபோது அதனுள் மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணு இருந்தது. மஹிகோ-மான்சாண்டோ அரசின் அனுமதிக்குக் காத்திருந்த அதே பி.டி. மரபணு. சாதாரண ஒட்டுரகம் என்றே அவ்விதை விற்கப்பட்டிருந்தது. ஆக, மரபணு மாற்றப் பயிரை இந்திய உழவர் ஏற்பாரா என்று அறிஞர்கள் விவாதித்துக்கொண்டிருக்கையில், அறியாமலே ஏற்றும் முடித்திருந்தார் அவர்.

அவ்வயல்களைப் பிடுங்கிக் கொளுத்துமாறு மத்திய அரசின் மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு ஆணையிட்டது. உழவர்கள் மறுத்தனர், ஷரத் ஜோஷி அவர்கள் பக்கம் நின்றார், மாநில அரசு தீ வைக்கத் துணியவில்லை. 2002 மார்ச்சில் மஹிகோவின் மூன்று ரகங்கள் அனுமதி பெற்றன.

கல்வி, நிலத்தின் அளவு, இடர் ஏற்கும் மனம் என்று இவ்விருப்பத்துக்குப் பல காரணிகளை ஆய்வாளர்கள் அடுக்குவதுண்டு. எனக்கென்னவோ, தெளித்துத் தெளித்துச் சலித்த கையும் பக்கத்து வயலும்தான் முதற் காரணங்களாகப் படுகின்றன. எண்பதுகளில் வந்த பைரித்ராய்டு மருந்துகளைப் புழு சில ஆண்டுகளிலேயே வென்றுவிட்டது. 1997-98-இல் வாரங்கல் பருத்தி உழவர்களின் தற்கொலைகளை நாடே கண்டது. அப்படிப்பட்டவருக்கு, புதுக் கருவியோ புதுப் பயிற்சியோ கேட்காமல் விதைக்குள்ளேயே மருந்து வருகிறதென்றால் வேறென்ன வேண்டும்?

விலைதான் இடித்தது. 450 கிராம் பொட்டலம் ஏறத்தாழ 1600 ரூபாய். குஜராத்திலோ உள்ளூரில் ஒட்டுக்கட்டிய அனுமதியற்ற விதைகள் பெயரில்லாப் பைகளில் மலிவாகக் கிடைத்தன. ஆந்திர அரசு தொடுத்த வழக்கிற்குப் பிறகு, 2006-இல் விலை 750 ரூபாய் அளவுக்கு இறங்கியது. சில ஆண்டுகளில் நாட்டின் பருத்திப் பரப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பி.டி. ஆயிற்று. அதற்குப்பின் விருப்பத்தைப் பற்றிப் பேசுவதிலேயே பொருளில்லை. கடையில் வேறு விதை இருந்தால்தானே?

பொட்டலத்தோடு 120 கிராம் சாதாரண விதையும் வந்தது. வயலைச் சுற்றி அதை விதைத்தால், அங்கே பிழைக்கும் புழுக்கள் மற்றவற்றோடு கலந்து, நஞ்சைத் தாங்கும் திறன் பரவுவதைத் தாமதப்படுத்தும். பெரும்பாலோர் அதை விதைக்கவில்லை. குற்றம் சொல்லவும் மனம் வரவில்லை. நன்மை ஊருக்கு, நட்டம் தனக்கு என்றால் புழுவுக்கென்று நிலம் ஒதுக்குபவர் யார்? 2010-இல் குஜராத்தின் இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதல் பி.டி. ரகத்தைத் தாங்கிவிட்டதை மான்சாண்டோவே ஒப்புக்கொண்டது. இரண்டு மரபணுக்கள் கொண்ட அடுத்த ரகமும் 2015 வாக்கில் அதே மாநிலத்தில் அதே புழுவிடம் தோற்றது. மருந்துத் தெளிப்பு மீண்டும் ஏறியது.

2019 ஜூனில் மகாராஷ்டிரத்தின் அகோலா மாவட்டத்தில் உழவர்கள் திரண்டு, அனுமதி பெறாத களைக்கொல்லி தாங்கும் பருத்தியைப் பகிரங்கமாக விதைத்தார்கள். முன்னின்றது ஷரத் ஜோஷி தொடங்கிய ஷேத்காரி சங்கடனா. இம்முறை, பொட்டலத்துக்குள் இருப்பது என்னவென்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.