மெட்டுகளைப் பிடுங்கியவர்கள்

சில காலத்துக்கு முன்னர் இலண்டன் சென்றிருந்தபோது, குரொய்டனில் வசிக்கும் என் தமக்கையின் வீட்டில் இரண்டு வாரங்கள் தங்கியிருந்தேன். ஒரு சனிக்கிழமை காலை தேநீருக்காகக் குசினிக்குள் நுழைந்தேன். அங்கே மருமகன் தன்னுடைய பழைய பேஸ் கிற்றாரைச் சாப்பாட்டு மேசையின் மீது கிடத்தி, தந்திகளைக் கழற்றி வைத்துவிட்டு, குறடு ஒன்றினால் அதன் கழுத்தில் இருந்த உலோகக் கம்பிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கொண்டிருந்தான்.

"நல்லாயிருக்கிற சாமானை ஏன் தம்பி உடைக்கிறாய்?" என்று கேட்டேன்.

"உடைக்கேல்லை மாமா. ஜாக்கோ செய்ததைத்தான் நானும் செய்யிறன்" என்றான்.

அந்தப் பெயரை நான் அறிந்திருந்தேன் என்று சொல்வதற்கில்லை. பத்திரிகைத் தொழிலில் பல ஆண்டுகளைக் கழித்தவனுக்குத் தெரியாத பெயர் ஒன்று காதில் விழுந்தால் அன்றிரவு உறக்கம் வராது. தேடிப் படித்ததன் விளைவே இக்கட்டுரை.

மருமகன் பிடுங்கிய கம்பிகளை நம்மவர்கள் மெட்டு என்பார்கள். வீணையின் தண்டியில் மெழுகின் மேல் பதிக்கப்பட்டிருக்கும் இருபத்துநான்கு மெட்டுகளை வாசகர்கள் அறிவர். கிற்றாரில் அவை மெழுகில் அல்ல, மரத்தில் அறுக்கப்பட்ட மெல்லிய பிளவுகளுக்குள் அறையப்பட்டிருக்கும். இங்கே ஒரு வேடிக்கை உண்டு. பேஸ் கிற்றார் என்ற கருவி பிறந்ததே அந்த மெட்டுகளுக்காகத்தான். அதற்கு முன்னர் இசைக்குழுக்களில் அடித்தள ஒலியை வழங்கியது ஆளுயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும் டபிள் பேஸ். அதற்கு மெட்டு இல்லை. விரல் மயிரிழை பிசகினாலும் சுருதி பிசகும். ஒலியும் ஏனைய கருவிகளின் இரைச்சலில் அமிழ்ந்துவிடும். கலிபோர்னியாவைச் சேர்ந்த லியோ ஃபென்டர் 1951ஆம் ஆண்டு மின்சார பேஸ் கிற்றார் ஒன்றைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அதற்கு அவர் இட்ட பெயர் 'பிரிசிஷன் பேஸ்'. துல்லியம் என்பதே பெயர்! மெட்டுக்குச் சற்றுப் பின்னால் விரலை அழுத்தினால் போதும், சுருதியை மெட்டு பார்த்துக்கொள்ளும் என்பதுதான் அதன் உட்கருத்து.

பத்தே ஆண்டுகளில் ஒருவர் அந்தத் துல்லியத்தைப் பிடுங்கி எறிந்தார். பின்னாளில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவில் புகழ்பெற்ற பில் வைமன்தான் அவர். 1961இல் அவர் உள்ளூர்க் குழுவொன்றில் வாசித்துவந்த தென்கிழக்கு இலண்டன் இளைஞர். மலிவான பேஸ் ஒன்று அவரிடம் இருந்தது. தேய்ந்துபோன மெட்டுகள் கடகடவென்று ஒலித்து அவருக்கு எரிச்சலூட்டின. புதியவற்றைப் பொருத்தும் எண்ணத்தோடு பழையவற்றைக் கழற்றினார். கழற்றியபின் வாசித்துப் பார்த்தால், கருவி முன்னரிலும் நன்றாக ஒலித்தது. புதிய மெட்டுகளை அவர் பொருத்தவே இல்லை. தொழிற்சாலைகள் இந்த உண்மையைப் புரிந்துகொள்ளச் சில ஆண்டுகள் பிடித்தன. அம்பெக் நிறுவனம் 1966இலும், ஃபென்டர் நிறுவனம் 1970இலும் மெட்டில்லா பேஸ்களை விற்பனைக்கு விட்டன. தொழிற்சாலைக்கு முன்னரே வீட்டு மேசையில் நடந்து முடிந்த புரட்சி இது.

மருமகனின் வேலையை அருகிலிருந்து கவனித்ததில், இது வெறும் பிடுங்கல் அல்ல என்பது புரிந்தது. மெட்டின் அடிப்பகுதியில் முள்போன்ற சிறு பற்கள் உண்டு. அவை மரத்தைக் கவ்விக்கொண்டிருக்கும். அவசரப்பட்டு இழுத்தால் விரற்பலகையின் மரமும் செதில் செதிலாக உடன் வந்துவிடும். ஆகவே ஈயப் பற்று வைக்கும் மின் கோலால் ஒவ்வொரு மெட்டையும் சூடாக்கி, பசை இளகியபின், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் குறட்டை மெல்ல மெல்ல நகர்த்தினான். அப்படியிருந்தும் ஐந்தாவது மெட்டில் நகக்கண் அளவு மரம் பெயர்ந்தது. அதன்பிறகு அவன் என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டான்.

பிடுங்கியபின் பிளவுகளை வெறுமையாக விடக்கூடாது. மெட்டுகள் ஆப்புகளைப் போலக் கழுத்தை இறுக்கிப் பிடித்திருப்பவை. அவை போனால் தந்திகளின் இழுவைக்குக் கழுத்து முன்புறமாக வளையத் தொடங்கும். எனவே மெல்லிய மரச்சீவல்களைப் பசையிட்டுச் செருக வேண்டும். வெளிர்நிற மரமாயின் பழைய இடங்கள் கோடுகளாகத் தெரியும், வாசிப்பவனுக்கு அது வழிகாட்டி. பலகையின் வளைவு கெடாதவாறு அரத்தாளால் தேய்க்க வேண்டும். மெட்டின் உயரம் இல்லாமற் போனதால் தந்திகளையும் தாழ்த்த வேண்டும். இவ்வளவும் முடிந்த பின்னரும் விரல் தன் பழைய பழக்கத்தை மறக்க வேண்டும். முன்னர் கோட்டுக்குப் பின்னால் அழுத்திய விரல், இப்போது கோட்டின் மேலேயே நிற்க வேண்டும். முப்பத்துநான்கு அங்குல நீளமுள்ள தந்தியில் முதற் சுரம் ஏறத்தாழ 1.9 அங்குலத்தில் வருகிறது. பன்னிரண்டாவது சரிபாதியில், அதாவது பதினேழாவது அங்குலத்தில். மேலே போகப் போக இடைவெளி குறுகும், பிழைக்கு இடமும் குறுகும்.

இனி ஜாக்கோவுக்கு வருகிறேன். ஜாக்கோ பஸ்டோரியஸ் 1951 டிசம்பர் 1ஆம் திகதி பென்சில்வேனியாவில் பிறந்து, புளோரிடாவில் வளர்ந்தவர். அவருடைய கருவி 1962ஆம் ஆண்டு ஃபென்டர் ஜாஸ் பேஸ். பாணுக்கு வெண்ணெய் பூசும் கத்தியினால் அதன் மெட்டுகளைத் தாமே நெம்பி எடுத்ததாக அவர் ஒருமுறை கூறினார். உலகமெங்கும் பரவியது இக்கதைதான். ஆனால் வேறொரு சந்தர்ப்பத்தில், வாங்கும்போதே மெட்டுகள் அகற்றப்பட்டிருந்தன, யாரோ அதை அலங்கோலமாகச் செய்திருந்தார்கள், நான் சரிப்படுத்தினேன் என்றும் அவரே சொல்லியிருக்கிறார். ஒரே வாயிலிருந்து இரண்டு வாக்குமூலங்கள்! செய்தியாளன் என்ற முறையில் இரண்டாவதையே நம்ப மனம் சாய்கிறது. தன் புகழைக் குறைக்கும் கதையை எவரும் இட்டுக்கட்டுவதில்லை.

இரண்டிலும் மாறாத பகுதி ஒன்று உண்டு. பிளவுகளை நிரப்பிய பின்னர், படகுகளுக்குப் பூசும் எப்பொக்சியைப் பல தடவைகள் விரற்பலகையின் மேல் அவர் பூசினார். உலோகச் சுருள் தந்திகள் மரத்தை அரம்போல் அராவிவிடும். புளோரிடாவில் கடல் அருகில், படகுப் பூச்சும் அருகில். மரத்தைக் காக்கப் பூசிய பூச்சு ஒலியையும் மாற்றியது. கண்ணாடிபோல் இறுகிய அந்தப் பரப்பில் தந்தி உரசி எழுந்த ஒலி, மனிதக் குரலின் முனகலை ஒத்திருந்தது. 1976இல் வெளிவந்த அவரது முதல் இசைத்தட்டிலும், அதே ஆண்டு ஜோனி மிட்சலின் 'ஹெஜிரா'விலும், 1977இல் வெதர் ரிப்போர்ட் குழுவின் 'ஹெவி வெதர்' தட்டிலும் அதனைக் கேட்கலாம். ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு இடைவெளியின்றி வழுக்கிச் செல்லும் அந்த நடையைக் கேட்டபோது, கோட்டுவாத்தியம் கேட்டுப் பழகிய என் காதுக்கு அது அந்நியமாகப் படவில்லை.

அதன் பின்னரான கதை துயரமானது. ஜாக்கோவுக்கு இருமுனை மனநோய் இருப்பது 1982இல் கண்டறியப்பட்டது. குடியும் போதைப்பொருளும் நோயை முற்றவைத்தன. அந்தக் கருவியும் துண்டு துண்டாக உடைந்து, கைவினைஞர்களால் மீண்டும் ஒட்டப்பட்டது. 1986இல் நியூயோர்க்கின் பூங்கா ஒன்றில் அது களவு போயிற்று. நடைபாதைகளில் உறங்கும் நிலைக்கு அவர் வந்திருந்த காலம் அது. அடுத்த ஆண்டு செப்டெம்பரில், புளோரிடாவில் இரவு விடுதி ஒன்றின் வாசலில் தாக்கப்பட்டு, நினைவு திரும்பாமலே 21ஆம் திகதி உயிர் நீத்தார். வயது முப்பத்தைந்து.

களவுபோன கருவி இருபது ஆண்டுகள் கழித்து நியூயோர்க்கில் ஒருவரிடம் இருப்பது தெரியவந்தது. குடும்பத்தினர் உரிமை கோரினர், வழக்கு நீண்டது. ஈற்றில் மெட்டாலிக்கா குழுவின் ரொபர்ட் ட்ருஹியோ 2010இல் பணம் கொடுத்து அதை மீட்டார். தாம் கொடுத்த அதே தொகைக்குக் குடும்பம் எப்போது வேண்டுமானாலும் அதைப் பெறலாம் என்பது உடன்பாடு. ஒட்டுத் துண்டுகளால் ஆன ஒரு மரக்கட்டைக்காக இத்தனை பேர் இத்தனை ஆண்டுகள் மல்லுக்கட்டினார்களே என்று முதலில் வியந்தேன். இசைத்தட்டைக் கேட்டபின் வியக்கவில்லை.

மருமகனின் பூச்சு காய மூன்று நாட்கள் பிடித்தன. செவ்வாய் மாலை தந்திகளை ஏற்றி மீட்டினான். ஒவ்வொரு சுரமும் சற்று இறங்கியே நின்றது. பழைய பழக்கத்தில் விரல் கோட்டுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. "கொஞ்சம் மேல தள்ளு தம்பி" என்றேன். தள்ளினான். நான்காவது தடவை சரியான இடத்தில் விழுந்தது. குசினியில் நின்ற தமக்கை அகப்பையைக் கையில் பிடித்தபடியே எட்டிப் பார்த்தார்.