ழாக் தாவியேல்

ழாக் தாவியேல் (இறப்பு: 1762), கண்புரையால் மங்கிய விழிவில்லையைக் கண்ணிலிருந்து வெளியே எடுக்கும் அறுவையை முறையாக நிலைநாட்டிய பிரெஞ்சு மருத்துவர். நார்மண்டியில் பிறந்தவர், ருவான் நகரில் தொழில் கற்றார். 1720இல் மர்சேயில் கொள்ளைநோய் பரவியபோது நோயாளிகளைக் கவனிக்கத் தாமாக முன்வந்து சென்றவர், அந்த ஊரிலேயே தங்கிப் பெயர் பெற்றார்.

அக்காலத்தில் கண்புரைக்கு இருந்த வழி பழையது. பண்டைய இந்திய மருத்துவ நூலான சுசுருத சங்கிதையிலும் உண்டு. ஊசியைச் செருகி, மங்கிய வில்லையைக் கண்ணுக்குள்ளேயே கீழே தள்ளிவிடுவார்கள். உடனே வெளிச்சம் தெரியும். ஆனால் தள்ளிய வில்லை மறுபடி மேலே வரலாம், உள்ளே அழற்சி கிளம்பி இருந்த பார்வையும் போகலாம். தாவியேலும் இதைத்தான் செய்துவந்தார். 1745இல் ஒரு துறவிக்குச் செய்தபோது வில்லை உடைந்து, துண்டுகள் விழியின் முன்னறைக்கு வந்துவிட்டன. அவற்றை எடுக்கக் கருவிழிப்படலத்தைத் திறக்க வேண்டியதாயிற்று. முன்னறையில் வந்து விழுந்த வில்லையை எடுத்தவர்கள் அவருக்கு முன்பும் பாரிசில் உண்டு. தன் இடத்திலேயே இருக்கும் வில்லையைத் திட்டமிட்டு எடுக்கத் துணிந்ததே தாவியேலின் பெருமை.

நோயாளி மயக்கமருந்தின்றி உட்கார்ந்திருப்பார். உதவியாளர் தலையைப் பிடித்துக்கொள்வார். கருவிழிப்படலத்தின் கீழ்விளிம்பில் கத்தியால் கீறி, வளைந்த கத்தரிக்கோலால் இடமும் வலமும் வெட்டை அகலப்படுத்துவார் தாவியேல். வெட்டப்பட்ட பகுதி மடல்போல் ஆகும்; சிறு பொன் தகட்டால் அந்த மடலைத் தூக்கிப் பிடித்து, வில்லையின் உறையை ஊசியால் கிழிப்பார். பிறகு கண்ணை விரலால் மெல்ல அழுத்தினால் வில்லை கண்மணி வழியே வெளியே வரும். மடலைத் திரும்பப் படியவிடுவார். தையல் கிடையாது.

1749இல் பதினைந்தாம் லூயி மன்னரின் கண் மருத்துவரானார். 1752இல் பாரிசின் அறுவை மருத்துவக் கழகத்துக்குத் தம் முறையைத் தெரிவித்தார்: 206 அறுவைகள், 182 வெற்றி. கிருமியைப் பற்றி எவரும் அறியாத காலத்தில் இது வியக்கத்தக்க கணக்கு. தோல்விகளையும் எண்ணிச் சொன்னது அதைவிடப் பெரிது.

பின்வந்தவர்கள் அவருடைய பல கருவிகளை விட்டு ஒரே கத்தியால் மடல் வெட்டக் கற்றார்கள். வில்லை போன கண்ணுக்குத் தடித்த கண்ணாடிதான் துணை. அந்த வெற்றிடத்தில் செயற்கை வில்லை வைக்க, 1949இல் லண்டனில் கண் மருத்துவர் ஹெரால்டு ரிட்லி வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.