உயிர்க் காலேஜும் பழைய புத்தகமும்

சென்னைவாசிகளின் வழக்கில் ஒரு காலத்தில் இரண்டு காலேஜ்கள் இருந்தன. ஒன்று ‘செத்த காலேஜ்’, மற்றொன்று ‘உயிர்க் காலேஜ்’. முன்னது எழும்பூர் அருங்காட்சியகம், பின்னது மிருகக்காட்சிசாலை. பாடம் செய்து நிறுத்திய விலங்குகளும் எலும்புக்கூடுகளும் இருந்த இடம் செத்த காலேஜ் ஆனதும், அவையே உறுமிக்கொண்டும் கத்திக்கொண்டும் இருந்த இடம் உயிர்க் காலேஜ் ஆனதும் எளிதில் விளங்கும். காலேஜ் என்ற சொல் எங்கிருந்து வந்தது என்பதுதான் சுவையான செய்தி. 1851இல் அருங்காட்சியகம் தொடங்கப்பட்டது நுங்கம்பாக்கத்தில் இருந்த புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக் கட்டடத்தில். எல்லிஸ் துரையின் முயற்சியால் 1812இல் உருவாகி, தமிழில் ‘கல்விச் சங்கம்’ என்று வழங்கப்பட்ட அதே நிறுவனம்தான். கம்பெனி அதிகாரிகள் தமிழும் தெலுங்கும் கற்ற இடத்தில் பாறைகளும் படிமங்களும் வந்து சேர்ந்தன. சில ஆண்டுகளில் அவை எழும்பூரின் பாந்தியன் மாளிகைக்குப் போயின. காலேஜ் என்ற சொல்லும் கூடவே போயிற்று.

அருங்காட்சியகத்தின் முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர். இந்தியக் கலைக்களஞ்சியம் ஒன்றைத் தொகுத்தவர் என்ற வகையில் இலக்கிய அன்பர்களுக்கு அவர் அந்நியர் அல்லர். உயிருள்ள விலங்குகளை வைத்தால் மக்கள் திரள்வார்கள் என்பதை அவர் கவனித்தார். கர்நாடக நவாபிடமிருந்து விலங்குகளைக் கேட்டுப் பெற்றார். 1855இல் அருங்காட்சியக வளாகத்திலேயே மிருகக்காட்சிசாலை உருவாயிற்று. இந்தியாவின் முதல் பொது மிருகக்காட்சிசாலை இதுவே என்பர். ஆனால் புலியையும் சிறுத்தையையும் எழும்பூர்க் கட்டடங்களுக்கு இடையே எத்தனை நாள் வைத்திருக்க முடியும்?

அதற்கு இடம் கொடுத்தவர் ஆளுநர் சார்லஸ் டிரெவல்யன். அயர்லாந்துப் பஞ்சத்தின்போது லண்டன் கருவூலத்தில் இருந்து நிவாரணத்தை இறுக்கிப் பிடித்தவர் என்று அந்நாட்டார் இன்றும் வெறுப்போடு நினைவுகூரும் அதே மனிதர். 1859இல் சென்னைக்கு வந்தார். வருமான வரியை வெளிப்படையாக எதிர்த்ததால் மறு ஆண்டே திரும்ப அழைக்கப்பட்டார். அந்தக் குறுகிய காலத்தில் அவர் செய்த காரியங்களுள் ஒன்று, கறுப்பர் நகரம் என்று அப்போது வழங்கப்பட்ட பகுதிக்கு மேற்கே 116 ஏக்கரில் ஒரு பூங்காவுக்கு வழிசெய்தது. பீப்பிள்ஸ் பார்க் என்று பெயர். குளங்கள், வண்டிப் பாதைகள், வாத்திய மேடை எல்லாம் அதில் இருந்தன. 1861இல் உயிர்க் காலேஜ் அங்கே குடிபெயர்ந்து நகராட்சியின் பொறுப்புக்கு வந்தது.

பூங்கா அமைந்த இடமும் வாய்ப்பானது. 1873இல் சென்ட்ரல் ரயில் நிலையம் பக்கத்திலேயே எழுந்தது. 1895இல் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்ரயில் வந்தபோது, இந்த இடத்தில் நின்ற நிலையத்துக்குப் பார்க் என்றே பெயர். வெளியூர்க்காரரும் உள்ளூர்க்காரரும் சிரமமின்றி வந்திறங்கக்கூடிய ஓரிடத்தில் பட்டணத்தின் வேடிக்கைகள் ஒவ்வொன்றாகக் கூடின. காணும் பொங்கலன்று இரண்டு காலேஜ்களையும் பார்த்துவிட்டுக் கடற்கரைக்குப் போவது பல குடும்பங்களுக்குச் சடங்கு போலவே இருந்தது.

ஆண்டிறுதியில் பார்க் ஃபேர் என்ற பொருட்காட்சியும் இங்கே நடந்தது. 1886 டிசம்பர் இறுதியில் அதன் கொட்டகைகளில் தீப்பிடித்து நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். பட்டணத்தை உலுக்கிய துயரம் அது. தீ, வெள்ளம், கொலை என்று எது நடந்தாலும் அதைச் சிந்தாகவும் கும்மியாகவும் பாடி, மட்டமான தாளில் அச்சிட்டுக் காலணா அரையணாவுக்கு விற்ற குஜிலிக் கடைகள் பூங்காவிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் இருந்தன. ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘முச்சந்தி இலக்கியம்’ படித்தவர்கள் அந்த உலகத்தை அறிவார்கள்.

இனி மூர் மார்க்கெட்டுக்கு வருவோம். ஆனால் அதற்குமுன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மூர் மார்க்கெட்டை நினைத்துக் கண்ணீர் விடுகிற நம்மில் பலர், அது பூங்காவைத் தின்றுதான் எழுந்தது என்பதை மறந்துவிடுகிறோம். முதலில் பூங்காவின் ஓரத்தில் 1880களில் விக்டோரியா பொது மண்டபம் வந்தது. சுகுண விலாச சபையும் பம்மல் சம்பந்த முதலியாரும் நாடகம் போட்ட இடம். விவேகானந்தர் பேசிய இடம். அதன்பின் மார்க்கெட். அதன்பின் 1909க்கும் 1913க்கும் இடையே மாநகராட்சிக்காக ரிப்பன் மாளிகை. பிறகு விளையாட்டரங்கம். ஒவ்வொன்றும் பொதுக் காரியமே. ஒவ்வொன்றுக்கும் நியாயம் இருந்தது. எதிர்ப்பதற்கு ஏதுமில்லாத காரணங்களாலேயே ஒரு பூங்கா சிறுகச் சிறுக மறைந்தது. மை லேடீஸ் கார்டன் என்ற துண்டு மட்டும் ரிப்பன் மாளிகைக்குப் பின்னால் எஞ்சியது.

பிராட்வேயில் இருந்த பழைய சந்தை சுகாதாரக் கேடாகிவிட்டது என்பதால் அங்கிருந்த வணிகர்களுக்காகப் புதிய சந்தை கட்ட முடிவாயிற்று. மாநகராட்சித் தலைவராக இருந்த ஜார்ஜ் மூர் 1898இல் அடிக்கல் நாட்டினார். 1900இல் ஆளுநர் ஹாவ்லக் திறந்துவைத்தார். சிவந்த செங்கல், வளைவுகள், மூலைகளில் கோபுரங்கள், நடுவே திறந்த முற்றம், சுற்றிலும் தாழ்வாரங்களில் கடைகள் என்று இந்தோ சாரசெனிக் பாணியில் அமைந்த நாற்கட்டு. காய்கறியும் இறைச்சியும் விற்கத் தொடங்கிய அந்தச் சந்தை நாளடைவில் வேறொன்றாக மாறியது. மர பொம்மை, பழைய கடிகாரம், கிராமபோன் தட்டு, வெள்ளைக்காரர் வீட்டு ஏலத்தில் வந்த பீங்கான், கூண்டுக் கிளி, புறா, வெள்ளெலி, கண்ணாடித் தொட்டி மீன் என்று கிடைக்காத பொருள் இல்லை என்னும்படி ஆயிற்று. விலை என்று ஒன்று அங்கே எழுதிவைக்கப்பட்டதில்லை. கடைக்காரர் சொல்வது ஒன்று, வாங்குபவர் கேட்பது நாலில் ஒன்று. பிறகு இருவரும் கோபித்துக்கொண்டு பிரிவார்கள். பத்தடி நடந்ததும் கூப்பிடுவார்கள். இந்த நாடகம் தெரியாமல் போனவர் ஏமாந்தே திரும்பினார்.

நமக்கு முக்கியமானவை அங்கிருந்த பழைய புத்தகக் கடைகள். ஜூன் மாதத்தில் பாடப் புத்தகம் தேடி வரும் பெற்றோர்களே அவற்றின் பெரிய வாடிக்கை. அதற்கு அப்பால் ஒரு பட்டணத்தின் படிப்பு முழுவதும் கழிவாக வந்து குவிந்த இடம் அது. வக்கீல் இறந்தால் அவருடைய சட்டப் புத்தகங்களோடு வீட்டில் இருந்த துப்பறியும் நாவல்களும், மாமிகள் பைண்டு செய்து வைத்த தொடர்கதைகளும், யாரோ ஒரு புலவரின் அடிக்குறிப்புகள் நிறைந்த பதிப்புகளும் ஒரே மூட்டையாக எடைக்கு வரும். கடைக்காரருக்குப் பெரும்பாலும் அதன் பொருள் தெரியாது. ஆனால் யார் எதைத் தேடுகிறார் என்பது தெரியும். கன்னிமாரா நூலகத்திலும் கிடைக்காத பழைய இதழ் ஒன்று இங்கே மழையில் நனைந்த கட்டுக்குள் கிடைக்கக்கூடும். நூலகம் தனக்கு வந்ததைத்தான் காக்க முடியும். எவரும் நூலகத்துக்கு அனுப்ப நினைக்காத சிறுபத்திரிகையும் குஜிலிப் பாட்டும் நாடக நோட்டீஸும் பிழைத்திருப்பதற்கு இத்தகைய கடைகளும், அவற்றைத் துளாவிய சில பித்தர்களும்தான் காரணம் என்று சொன்னால் மிகையாகாது.

சந்தையும் மிருகசாலையும் பூங்காவும் அடுத்தடுத்து இருந்ததன் பயன் குடும்பங்களுக்கே மிகுதி. மவுண்ட் ரோடில் ஸ்பென்சர் இருந்தது, ஹிக்கின்பாதம்ஸ் இருந்தது. அவை வசதி படைத்தவர்களின் கடைகள். காட்பாடியிலிருந்தோ கும்மிடிப்பூண்டியிலிருந்தோ காலை ரயிலில் வந்திறங்கும் குமாஸ்தாவின் குடும்பம் ஒரு தெருவைக் கடந்தால் போதும். அப்பா புத்தகக் கடையில் நிற்பார், அம்மா பாத்திரமோ துணியோ பேரம் பேசுவார், பிள்ளைகளுக்குப் பொம்மை, பிறகு எல்லோருமாக யானையும் குரங்கும் பார்த்துவிட்டு, கட்டிக்கொண்டு வந்த சோற்றை மரத்தடியில் பிரித்து உண்டு மாலை ரயிலைப் பிடிக்கலாம். ஒன்றும் வாங்காமலும் திரும்பலாம். பூங்காவில் நடப்பதற்குக் காசு வேண்டியதில்லை. கடை, சேவை, கேளிக்கை என்று இன்று தனித்தனியாகப் பிரித்துப் பேசுகிறவை அங்கே ஒரே பகல்பொழுதாக இருந்தன.

இந்த ஏற்பாடு முடிவுக்கு வந்த ஆண்டைத் துல்லியமாகச் சொல்லிவிட முடிகிறது. 1985.

சென்ட்ரலின் புறநகர் ரயில்கள் பெருகின. ரயில்வேக்கு இடம் வேண்டியிருந்தது. மூர் மார்க்கெட் நிலத்தின் மீது கண் விழுந்தது. வணிகர்கள் வெளியேற மறுத்தனர், பேச்சு நீண்டது. 1985 மே 30 அன்று மார்க்கெட் தீப்பிடித்து எரிந்தது. கடைகளின் சரக்கு பெருமளவு அழிந்தது. தீ தற்செயல்தானா என்ற ஐயம் அன்றே எழுந்தது; அது தீரவும் இல்லை. ஐயத்தை ஐயமாகவே விட்டுவிடுவோம். எரிந்து நின்ற சுவர்களைப் பழுது பார்த்துக் காக்காமல் இடித்தது தீயின் செயல் அல்ல, மனிதர்களின் முடிவு என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம்.

அதற்கு இரண்டு மாதங்கள்கூட ஆகவில்லை. ஜூலை 24 அன்று வண்டலூர்க் காப்புக்காட்டில் அண்ணா உயிரியல் பூங்காவை முதல்வர் எம்.ஜி.ஆர். திறந்துவைத்தார். இதில் நமக்கு வருத்தம் இல்லை என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பூந்தமல்லி நெடுஞ்சாலையின் இரைச்சலுக்கும் புகைக்கும் நடுவே சின்னக் கூண்டில் வளைய வளைய நடந்த புலிக்கு 1,200 ஏக்கருக்கு மேற்பட்ட காடு நல்ல கதிதான். பழைய மிருகசாலையை இனிமையாக நினைவுகூருகிறவர்கள் கூண்டுக்கு வெளியே நின்றவர்களே.

ஸ்பென்சரின் கதையை இதோடு ஒப்பிடலாம். 1983இல் அந்தப் பழைய கட்டடமும் தீக்கிரையாயிற்று. அதே இடத்தில் 1990களின் தொடக்கத்தில் ஸ்பென்சர் பிளாசா எழுந்தது. அழகைப் பற்றி இருவேறு கருத்து இருக்கலாம், அது கடையாகத் திரும்பி வந்தது. மூர் மார்க்கெட் கடையாகத் திரும்பவில்லை. அங்கே புறநகர் ரயில் முனையம் எழுந்தது. வணிகர்கள் அருகில் கட்டப்பட்ட அல்லிக்குளம் வளாகத்துக்கு அனுப்பப்பட்டனர். அந்தப் பெயர் அலங்காரத்துக்கு வைத்ததல்ல. பீப்பிள்ஸ் பார்க்கின் அல்லிக்குளம் இருந்த இடம்தான் அது. சந்தைக்காகப் பூங்காவை எடுத்தோம். ரயிலுக்காகச் சந்தையை எடுத்தோம். சந்தைக்காரர்களுக்காகக் குளத்தை எடுத்தோம். முற்றமும் தாழ்வாரமும் இல்லாத அடுக்குக் கட்டடத்தில் மாடியேறிப் பழைய புத்தகம் தேட மக்கள் பழகவில்லை. லஸ் முனையிலும் திருவல்லிக்கேணியிலும் நடைபாதைகளில்தான் அந்த வணிகம் மூச்சு விட்டது.

கேளிக்கைகள் முன்பே வெளியே நகரத் தொடங்கியிருந்தன. 1972இல் கிண்டியில் பாம்புப் பண்ணை, 1976இல் கடற்கரைச் சாலையில் முதலைப் பண்ணை. இரண்டுக்கும் பின்னால் ராமுலஸ் விட்டேகர் இருந்தார். பார்க் ஃபேரின் வாரிசாகத் தீவுத்திடல் பொருட்காட்சி, டெல்லி அப்பளமும் ராட்டினமுமாக. 1995இல் தாம்பரத்துக்கு அருகே கிஷ்கிந்தா. கிழக்குக் கடற்கரைச் சாலையில் இன்னும் சில. வேலிக்கு உட்பட்ட கேளிக்கைக்கு நுழைவுச் சீட்டு உண்டு, தலைக்கு இத்தனை என்று. வேடிக்கை பார்க்கச் சும்மா நுழையும் வசதி அங்கே இல்லை. குழந்தைகளுக்கு அவை மகிழ்ச்சி தருகின்றன என்பதில் ஐயமில்லை. ஆனால் அப்பா ஒரு பழைய புத்தகத்தோடு திரும்பி வரக்கூடிய உல்லாசப் பயணங்கள் அல்ல அவை.

மின்ரயிலில் வண்டலூருக்கு இன்றும் போகலாம். சென்ட்ரலில் இறங்கும் குடும்பம் சாலையைக் கடந்து எதிரே இருக்கும் நிலையத்தில் ஏற வேண்டும். காணும் பொங்கல் காலத்தில் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு, சோற்று மூட்டையோடு தாம்பரம் பக்கம் போகும் வண்டிக்காக அங்கே கூட்டம் நிற்கும். நிலையத்தின் பெயர்ப் பலகையில் மூன்று மொழிகளில் ‘பூங்கா’ என்று எழுதியிருக்கிறது.