ஓநாய் என்று ஒரு வியாதி

லூபஸ் என்ற வியாதியை நான் அறிந்தது வைத்திய நூலில் அல்ல. ஃபிளானரி ஓகானர் என்ற அமெரிக்கக் கதாசிரியையின் ஜீவிய சரித்திரத்தில். ஜார்ஜியாவில் ஒரு பண்ணையில் மயில் வளர்த்துக்கொண்டு, ஊன்றுகோல்களோடு நடமாடிக் கதை எழுதியவர். அவருடைய தகப்பனாரை 1941-ல் கொண்டுபோன அதே வியாதி, 1964-ல் அவரையும் கொண்டுபோயிற்று. அப்போது வயது 39.

லூபஸ் என்றால் லத்தீனில் ஓநாய். ஓநாய் கடித்தாற்போல் முகத்தில் புண் வருவதால் அந்தப் பெயர். கடிக்கும் ஓநாய் உள்ளேதான் இருக்கிறது என்று கண்டுகொள்ள வெகுகாலம் பிடித்தது.

இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில், 1901-ல், ஜெர்மனியில் பால் எர்லிக் ஆடுகளை வைத்துச் சோதனை செய்தார். வேறு ஆட்டின் ரத்தத்தை எதிர்த்த ஆடு, தன் ரத்தத்தை எதிர்க்கவில்லை. தன்னைத் தானே தாக்கிக்கொள்ளத் தேகம் அஞ்சுகிறது என்றார் அவர். அப்படித் தாக்குவது நடக்கவே நடக்காது என்று பின்னால் வந்த பலர் அதைச் சாஸ்திரமாக்கிவிட்டார்கள். 1948-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஹார்கிரேவ்ஸும் அவர் சகாக்களும் லூபஸ் நோயாளிகளின் எலும்பு மஜ்ஜையில் ஒரு விநோதத்தைக் கண்டார்கள்: ஒரு வெள்ளை அணு, இன்னோர் அணுவின் உட்கருவையே விழுங்கியிருந்தது!

1957-ல் ஆஸ்திரேலியாவின் பர்னெட் ஒரு விளக்கம் சொன்னார். எதிரியை அடையாளம் காணும் அணுக்கள் பலவிதமாகப் பிறக்கின்றன. சொந்த தேகத்தையே எதிரியாகக் கொள்பவை இளமையிலேயே அழிக்கப்படுகின்றன. நாற்றங்காலில் களை பறிப்பது போலத்தான்.

களை எவ்வளவு? 2003-ல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் சர்வகலாசாலையில் பார்த்தார்கள். ஆரோக்கியமான மனிதரிடத்திலும், எதிர்ப்புப் பொருள் தயாரிக்கும் அணுக்களில் மஜ்ஜையில் புதிதாய்ப் பிறப்பவற்றில் பாதிக்கு மேல் களை! வளர வளரப் பெரும்பாலும் நீக்கப்பட்டுவிடுகின்றன. லூபஸ் நோயாளிகளிடம் அந்தக் களையெடுப்பு தளர்ந்திருப்பதை 2005-ல் கண்டார்கள். காரணம் இது ஒன்றே அல்ல. பரம்பரைக்கும் பங்குண்டு, வெயிலுக்கும் உண்டு.

'நான் என்ன பாவம் செய்தேன்?' என்று கேட்கும் நோயாளிகள் உண்டு. அவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: ஓநாய்க் குட்டிகள் எல்லோருக்குள்ளும் பிறக்கின்றன. உங்கள் வீட்டில் காவல் சற்று அயர்ந்துவிட்டது, அவ்வளவே.

2021-ல் ஜெர்மனியின் எர்லாங்கன் நகர வைத்தியர்கள், லூபஸ் கண்ட ஓர் இளம்பெண்ணின் அந்த அணுக்களை அடியோடு துடைத்தார்கள். அடுத்த ஆண்டு, அவளோடு சேர்த்து ஐந்து பேரின் நிலையை வெளியிட்டார்கள். சில மாதங்களில் புது அணுக்கள் முளைத்தன. வியாதி உடனே திரும்பவில்லை. ஓகானருக்குக் கிடைத்ததோ, உயிரை நீட்டித்து இடுப்பெலும்பைக் கெடுத்த ஊசி மருந்துதான். அதை வைத்துக்கொண்டே எழுதினார்.