கல்குவாரி நிலத்தில் எதை அளப்பது? தென்காசி வட்டாரத் தாவரக் கணிப்பு குறித்து

சுரங்கப் பணி முடிந்த நிலத்தில் மீண்டும் புல் வளர்க்க வேண்டும் என்பதைக் குத்தகை நிபந்தனையாகச் சேர்க்குமாறு உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரி 8 அன்று மத்திய அரசுக்கு ஆணையிட்டது. தீவனமும் செடிகொடிகளும் உயிரினங்களும் தழைக்கத்தக்க நிலைக்கு நிலம் திரும்ப வேண்டும் என்பது அதன் சாரம். திரும்பிவிட்டது என்று எந்த அளவையை வைத்துச் சொல்வது? சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற குவாரிகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தரும் அறிக்கைகளில் பெரும்பாலும் இருப்பது நட்ட கன்றுகளின் எண்ணிக்கை. அது செலவுக் கணக்கு. தாவரக் கணக்கு ஆகாது.

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலிருந்து அகற்றிய மண்ணையே குழியில் திரும்பக் கொட்டுவதால், அளப்பதற்குப் பரந்த மேடு உருவாகிறது. தென்காசியின் கடும்பாறைக் குவாரிகளில் அந்த வாய்ப்பே இல்லை. கல் ஜல்லியாகவும் எம்-சாண்டாகவும் லாரி ஏறிப் போய்விடுகிறது. புளியரை வழியாகக் கேரளம் செல்வதும் அதில் உண்டு. குழியை நிரப்ப மிஞ்சுவது சொற்பம். ஆகவே கன்றுகள் பெரும்பாலும் எல்லையோரத்து 7.5 மீட்டர் பாதுகாப்புப் பட்டையில்தான் நிற்கின்றன. தோண்டப்படாத அந்தப் பட்டையில் வேம்பும் புங்கனும் செழித்திருப்பது மீட்புக்குச் சான்றாகாது. 2 ஹெக்டேர் சதுர நிலத்தில் பட்டையின் பரப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. ஆய்வாளர் சாலையிலிருந்து இறங்கியதும் கண்ணில் படுவதும் அதுவே. எனவே பட்டை, படிக்கட்டுத் தளங்கள், கழிவுக் குவியல், குழியின் அடித்தளம் ஆகியவற்றைத் தனித்தனி அடுக்குகளாகப் பிரித்து அளந்து, பரப்புக்கேற்ற எடையோடு சேர்ப்பதே முறை. ஏற முடியாத செங்குத்துச் சுவரைப் புகைப்படத்தால் மதிப்பிடலாம்.

கருவிகள் எளியவை. புல் பூண்டுக்கு 1 சதுர மீட்டர் சட்டம், அல்லது டாபன்மைர் 1959-இல் முன்வைத்த 20 × 50 செ.மீ. சட்டம் போதும். திட்டுத்திட்டாகப் புதர் முளைக்கும் கல்தரையில், கேன்ஃபீல்டு 1941-இல் விளக்கிய கோட்டு முறை பொருத்தம்: அளவு நாடாவை நீட்டி, செடிகள் அதன்மேல் கவிந்திருக்கும் நீளத்தைக் கூட்டுவது. தகராறு எண்ணிக்கையில்தான். ஓர் எடுத்துக்காட்டு: சராசரித் தரைமூடல் 40 சதவீதம், திட்ட விலக்கம் 20 என்று கொள்வோம். பத்துச் சட்டங்களை மட்டும் வைத்தால், 90 சதவீத நம்பிக்கை மட்டத்தில் பிழை சுமார் 12 புள்ளி. உண்மை 28 ஆகவும் இருக்கலாம், 52 ஆகவும் இருக்கலாம். பிழையை 4 புள்ளிக்குள் அடக்க ஏறத்தாழ 70 சட்டங்கள் தேவை. அத்தனையையும் ஒரே குவியலில் வைத்தாலும் பயனில்லை. ஹர்ல்பர்ட் 1984-இல் சுட்டிய போலி மறுபதிவு அது. தெரியவருவது அந்த ஒரு குவியலைப் பற்றி மட்டுமே.

அளந்த தரைமூடல் போதுமா என்று சொல்ல ஓர் ஒப்பீட்டு நிலம் வேண்டும்; அதைத் தேர்வது இதைவிடச் சிக்கலானது. அமெரிக்காவின் 1977-ஆம் ஆண்டுச் சுரங்க நில மீட்புச் சட்டத்தை ஒட்டிய விதிகளில், மீட்ட நிலத்தின் தரைமூடல் ஒப்பீட்டு அளவில் 90 சதவீதத்துக்குக் குறையாதிருக்க வேண்டும்; அதை 90 சதவீதப் புள்ளியியல் நம்பிக்கையோடு காட்டவும் வேண்டும். மழை குறைந்த பகுதிகளில் பொறுப்புக் காலம் 5 ஆண்டிலிருந்து 10 ஆண்டாகிறது. இந்த மழைப் பாகுபாடு நமக்கு உடனே தேவைப்படுவது. வடகரையும் மேக்கரையும் மலையடிவாரத்தில் தென்மேற்குப் பருவச் சாரலில் நனையும்போது, கிழக்கே சுரண்டை, ஆலங்குளம் பக்கம் அதே பருவம் வறண்ட காற்றாக வீசி ஈரத்தை உறிஞ்சுகிறது. மலையடிவாரத்து அடவிநயினார் அணைச் சரிவை ஆலங்குளத்துக் குவாரிக்கு ஒப்பீடாக வைப்பது குத்தகைதாரருக்கு அநீதி. ஆலங்குளத்துப் பொட்டல் தரிசை வடகரைக்கு ஒப்பீடாக வைத்தால் அவருக்கு இலவசத் தேர்ச்சி. மாவட்டம் முழுமைக்கும் ஒரே இலக்கு என்பது எனக்கு உடன்பாடில்லை. ஒரே சாரல் எல்லைக்குள், அதே மண்ணும் சரிவும் உள்ள, வெட்டுப்படாத நிலமே ஒப்பீடாக வேண்டும்.

காலமும் அப்படியே. ஆகஸ்டில் அடிவாரத்தில் எந்தக் குவியலும் பச்சையாகத்தான் இருக்கும். அந்தப் பச்சையில் பெரும்பங்கு ஓராண்டுச் செடிகள். வடகிழக்குப் பருவம் ஓய்ந்த ஜனவரியில் ஒருமுறை, கோடை மழைக்கு முன் ஒருமுறை என இருமுறை அளந்தால்தான், வேர் பிடித்த கொழுஞ்சியும் ஆவாரையும் வந்துபோகும் பூண்டுகளிலிருந்து பிரிந்து தெரியும். பார்த்தீனியமும் சீமைக் கருவேலும் தரையை மூடுபவைதான். ஆனால் தீவனம் என்ற இலக்கில் அவற்றைச் சேர்க்க முடியாது. அவற்றுக்குப் பதிவேட்டில் தனிப் பத்தி வேண்டும். ஆடு மேயும் நிலத்தில் சில சதுரங்களுக்கு வேலியிட்டால், வளராததையும் மேய்ந்து தீர்ந்ததையும் வேறுபடுத்தலாம்.

ஆண்டுதோறும் மாற்றத்தைத் தொடர நிலையான சதுரங்கள் நல்லவை. இணக்கத்தைத் தீர்மானிக்க அவற்றைப் பயன்படுத்தக் கூடாது. கல் நட்டுக் குறித்த இடம் எதுவென்று தெரிந்தால், தண்ணீர் லாரி அங்கே மட்டும் நிற்கும். இணக்கக் கணிப்புக்கான இடங்களை ஆய்வு நாளன்று காலையில், இரு தரப்பும் பார்த்திருக்க, சமவாய்ப்பு எண்களால் எடுக்க வேண்டும். சட்டம் வெறும் பாறைமேல் விழுந்தால் சுழியம் என்றே பதிய வேண்டும்.